ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்யாமல் கணினியில் சேமித்து வைத்துப் போட என்ன வழி?

ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். மெயிலிலும் வாட்ஸ்அப் வெப்பிலும் வரும் கேள்விகள் ஒரே நாலைந்துதான். ‘பாலிஷ் போடணுமா?’ என்பது தினமும் வரும். ‘வேண்டாம், கண்ணாடி மேல் வைத்து வார்ப்பதால் வழவழப்பு தானாக வந்துவிடும், பதித்த பின் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்’ என்று எத்தனை முறை அடிப்பது?

முதலில் புதிதாக எதையும் இறக்க வேண்டாம். விண்டோஸ் விசையோடு ‘வி’ எழுத்து விசையை அழுத்துங்கள். 2018 கடைசியில் விண்டோஸ் 10-இல் வந்த வசதி இது. முதல் முறை ஆன் செய்யச் சொல்லும். அதன் பிறகு காப்பி செய்த கடைசி 25 துணுக்குகள் அங்கே நிற்கும். வேண்டியதை ‘பின்’ (pin) குறியை அழுத்திக் குத்தி வைத்துவிட்டால் கணினியை அணைத்துப் போட்டாலும் போகாது. நாலைந்து பத்திக்கு இதுவே தாராளம்.

எனக்கு அது போதவில்லை. இப்போது எஸ்பான்சோ (Espanso) என்ற மென்பொருள் வைத்திருக்கிறேன். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒரு டெக்ஸ்ட் கோப்பில் சுருக்கக் குறியையும் அதற்கான பத்தியையும் எழுதி வைத்தால், குறியை அடித்ததும் பத்தி விரியும். அந்தக் கோப்பில் வரியைத் தள்ளி எழுத ஸ்பேஸ்தான், டேப் போட்டால் படிக்காது. எனக்கு ஒரு மத்தியானம் அதில் போயிற்று.

தமிழில் அடிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பலரும் அரைப்புள்ளியில் (;) தொடங்கும் குறிதான் வைப்பார்கள். தமிழ்99 விசைப்பலகையில் அந்த விசையை அழுத்தினால் ‘ந’ வரும், குறி வேலை செய்யாது. சரி, வெறும் எண்ணாக இருக்கட்டும் என்று 771 வைத்தேன். ஒருவரின் போன் நம்பரை அடிக்கும்போது நடுவில் கல் பதிக்கும் முறை முழுவதும் வந்து விழுந்தது. கடைசியில் இரண்டு காற்புள்ளியும் ஒரு எண்ணும் என்று முடிவு செய்தேன்: ,,1 ,,2 இப்படி. தமிழ்99, ஆங்கிலம் இரண்டிலும் காற்புள்ளி ஒரே இடத்தில்தான், போன் நம்பரிலும் வராது.

இன்னொன்று, ‘வணக்கம் சார்’ என்பதையும் பத்தியோடு சேர்த்துச் சேமிக்காதீர்கள். நான் சேமித்திருந்தேன். தேவகோட்டையிலிருந்து கேட்டிருந்த ஒரு ஆச்சிக்கும் அதுவே போய்விட்டது. “ஏந்தம்பி, நான் எப்ப சார் ஆனேன்?” என்று போனில் ஒரே சிரிப்பு. எஸ்பான்சோவில் பத்தியின் தொடக்கத்தில் $|$ என்று போட்டால், விரிந்ததும் கர்சர் அங்கே வந்து நிற்கும். அண்ணனோ ஆச்சியோ, அதை மட்டும் கையால் அடிக்கிறேன்.

விலையை எந்தக் குறியிலும் வைக்கவில்லை. சிமெண்ட் ஏறின வாரம் பழைய விலை போனால் முதலாளியிடம் யார் பேச்சு வாங்குவது?