கோடை விடுமுறையில் சைக்கிள்: மற்ற விளையாட்டுகளைவிட ஆபத்தானதா?

கேள்வி: எனக்கு 41 வயது. கோடை விடுமுறையில் 10 வயது மகனுடன் தினமும் காலையில் சைக்கிள் ஓட்டலாம் என்றிருக்கிறேன். அடிபட்டு மருத்துவமனைக்கு வருகிறவர்களில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம் என்று எங்கோ படித்துவிட்டு, நீச்சல், டிராம்போலின் (ஸ்பிரிங் விரிப்பில் குதிப்பது), கால்பந்து என்று வேறு எதிலாவது இறங்கலாமே என்கிறார் கணவர். உண்மையில் எது ஆபத்து குறைந்தது?

பதில்: உங்கள் கணவர் படித்ததில் பொய் இல்லை. பொழுதுபோக்கில் காயம்பட்டு அவசர சிகிச்சைக்கு வருகிறவர்களைக் கணக்கெடுத்தால், பல பட்டியல்களில் சைக்கிள் முதல் சில இடங்களுக்குள் வந்துவிடும். ஆனால் அந்தப் பட்டியல் அடிபட்டவர்களை மட்டும்தான் எண்ணுகிறது. எத்தனை பேர், எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள் என்பது அதில் வராது. கோடிக்கணக்கானவர்கள் செய்யும் ஒன்றில் காயங்களின் மொத்தமும் பெரிதாகத்தான் இருக்கும். எனவே 'எதில் அதிகம் பேருக்கு அடிபடுகிறது' என்பதைவிட, 'எதில் எந்த மாதிரி அடிபடுகிறது, அதைத் தடுக்க முடியுமா' என்று கேட்பதுதான் உங்களுக்கு உதவும்.

நீச்சலை எடுத்துக்கொள்வோம். எலும்பு முறிவு, சுளுக்கு என்று பார்த்தால் அதைவிடப் பாதுகாப்பானது அபூர்வம். மூட்டுகளுக்கும் சுகமானது. ஆனால் நீரில் நேரும் பெரிய தவறுக்குப் பெரும்பாலும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-ல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 30 வயதைத் தாண்டாதவர்கள். ஆழம் தெரியாத இடத்தில் தலைகீழாகக் குதித்துக் கழுத்தெலும்பு முறிவது இன்னொரு கொடுமை. ஆயுளுக்கும் கைகால் செயலிழந்துபோகலாம். கண்காணிப்பு உள்ள குளம், பக்கத்திலேயே ஒரு பெரியவர் என்றால் தாராளமாக நீந்தட்டும். இல்லையென்றால் வேண்டாம்.

கால்பந்தில் கணுக்கால் சுளுக்கும் முழங்கால் அடியும் அடிக்கடி வரும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். முழங்கால் தசைநார் கிழிந்தால் மட்டும் மாதக்கணக்கில் இழுக்கும்.

டிராம்போலின் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: வீட்டில் விளையாட்டாகக் குதிப்பதற்கு அதை வாங்காதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2012-ல் வெளியிட்ட அறிக்கையிலும் இதையேதான் சொன்னது. டிராம்போலினில் வரும் காயங்களில் முக்கால்வாசி, ஒரே நேரத்தில் பலர் குதிக்கும்போது நேர்பவை. கனமானவர் இறங்கும் வேகம் முழுவதும் எடை குறைந்த பிள்ளையைத் தூக்கி எறிந்துவிடும். சுற்றிலும் வலை கட்டியிருந்தாலும் இது நடக்கும், ஏனென்றால் பல காயங்கள் அந்த விரிப்பின் மேலேயே ஏற்படுகின்றன.

இனி சைக்கிள். பிரிட்டனில் 2 லட்சத்து 30 ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேலைக்குச் சைக்கிளில் போனவர்களில் 7 சதவீதம் பேர் காயத்துக்காக மருத்துவமனையில் சேர நேர்ந்தது. காரிலோ பொதுப் போக்குவரத்திலோ போனவர்களில் இது 4.3 சதவீதம். ஆக, ஆபத்து கூடுதல்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஆய்வில் இதய நோயும் புற்றுநோயும் மரணமும் சைக்கிளில் போனவர்களிடம் குறைவாகவே இருந்தன. அதுவும் வாகன நெரிசலில் அன்றாடம் ஓட்டியவர்களின் கணக்கு. வண்டிகள் வராத பாதையில் அதிகாலையில் ஓட்டப்போகும் உங்களுக்கு அந்தக் கூடுதல் ஆபத்திலும் ஒரு பங்கு குறையும்.

சைக்கிள் காயங்களில் பெரும்பாலானவை சிராய்ப்பு, மணிக்கட்டு முறிவு, காறை எலும்பு (கழுத்துக்குக் கீழே தோளோடு சேரும் எலும்பு) முறிவு. இவை ஆறிவிடும். பயப்பட வேண்டியது தலைக்கு. காயமடைந்த 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிள் ஓட்டிகளின் விவரங்களை அலசிய ஒரு தொகுப்பாய்வு, ஹெல்மெட் போட்டவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம் குறைவு என்று கண்டது. ஆனால் பின்னந்தலையில் தொங்கும் ஹெல்மெட்டால் பயனில்லை. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளிதான் இருக்கலாம். வார்ப்பட்டைகள் காதுக்குக் கீழே ஒன்றுசேர வேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒன்றிரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. வளர்ந்த பிறகும் ஆகட்டும் என்று பெரிய அளவில் வாங்காதீர்கள். ஒருமுறை பலமாக அடிவாங்கிய ஹெல்மெட், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றப்பட வேண்டும்; உள்ளே இருக்கும் நுரைப்பகுதி ஒரு தடவைதான் நசுங்கிக் காப்பாற்றும். நீங்களும் போடுங்கள். அம்மா வெறுந்தலையோடு ஓட்டினால் பையன் எத்தனை நாள் போடுவான்?

இன்னொன்று, சைக்கிளிலிருந்து விழுகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வாகனம் மோதி விழுவதில்லை, தாமாகவே விழுகிறார்கள். திருப்பத்தில் கிடக்கும் மணலும் ஜல்லியும், ஈர இலைகள், தண்டவாளம், இறக்கத்தில் கூடிப்போன வேகம் இவைதான் காரணங்கள். தண்டவாளத்தை நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் இடுக்கில் சிக்கும். வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைக்க வேண்டும், திரும்பும்போது அல்ல. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கப் பையனுக்குப் பழக்குங்கள். முன் பிரேக்கை மட்டும் சடாரென்று அழுத்தினால் தலைக்குப்புறத் தூக்கிப் போடும். சீட்டில் உட்கார்ந்தபடி அவனுடைய பாதங்களின் முன்பகுதியாவது தரையைத் தொடாவிட்டால் வண்டி அவனுக்குப் பெரிது.

உங்கள் வயதில் விழுவதைவிட வலிகள்தான் அடிக்கடி வரும். மிதி கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும் உயரத்தில் சீட்டை வையுங்கள். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையில் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். பிடியை அடிக்கடி மாற்றுங்கள். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

விழுந்த பிறகு கவனிக்க வேண்டிய மூன்று நிலைகளைச் சொல்லிவிடுகிறேன். தலையில் அடிபட்ட பின் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் உடனே மருத்துவமனை. கையை ஊன்றி விழுந்து கட்டைவிரலின் அடிப்பக்கக் குழியில் வலி இருந்தால், முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகலாம். கையைக் கட்டிவைத்து 10 முதல் 14 நாளில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள், தவறாமல் போங்கள். மூன்றாவது, ஹேண்டில்பார் நுனி பிள்ளையின் வயிற்றில் குத்துவது. வெளியே சின்னக் கன்றல்தான் தெரியும். உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கணையமோ கிழிந்திருக்கலாம், அறிகுறி சில மணி நேரம் கழித்தும் வரலாம். வயிற்றுவலி விடாமல் இருந்தாலோ, முகம் வெளிறினாலோ, வாந்தி எடுத்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். அந்த நுனியின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் வண்டியை எடுப்பதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.