தவணை முடிந்த மாதம்
நுகர்வோர் கேள்வி–பதில்

கடனை அடைத்து முடித்தவர்கள் எழுதிய கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். ஊர்ப் பெயர் தவிர வேறு அடையாளம் எதையும் போடவில்லை.

கேள்வி: பதினான்கு ஆண்டு வீட்டுக்கடனை அடைத்து ஐந்து மாதம் ஆகிறது. பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. 'தலைமை அலுவலகத்தில் இருக்கிறது, வந்துவிடும்' என்கிறார்கள். அழுத்திக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. (வாசகி, கரூர்)

பதில்: தயங்க வேண்டியவர்கள் அவர்கள், நீங்கள் எதற்கு அம்மா தயங்குகிறீர்கள்? ஒரு தவணை இரண்டு நாள் பிந்தினால் உங்களுக்கு எத்தனை முறை தொலைபேசி வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தாமதத்துக்கு வங்கி காரணமாக இருந்தால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு இழப்பீடாகத் தர வேண்டும். பத்திரம் தொலைந்துபோயிருந்தால் நகல் வாங்கித் தரும் பொறுப்பும் செலவும் அவர்களுடையது. அதற்கு மட்டும் இன்னொரு 30 நாள் அவகாசம் உண்டு.

இனி நேரில் போய் நின்று பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். கடன் எண், அடைத்த தேதி, மேலே சொன்ன 5,000 ரூபாய் விதி மூன்றையும் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். கட்டணம் கிடையாது. வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் பலர் இதைத் தவறவிட்டுப் பிறகு வீட்டை விற்கும்போது அலைகிறார்கள். கடன் வாங்கியபோது, பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்ததற்கான ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் அங்கே பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் தீர்ந்ததாகக் காட்டும். பத்திரம் கைக்கு வந்த பிறகு ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். 'கடன் நிலுவை இல்லை' என்ற சான்றையும் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

கேள்வி: பைக் கடன் முடிந்துவிட்டது. ஆர்.சி. புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் தானாக நீங்கிவிடும் என்று கடையில் சொன்னார்கள். சரியா? (வாசகர், தாராபுரம்)

பதில்: தானாக நீங்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் நிறுவனத்திடம் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள். சான்று காலாவதியாகும் முன்பே போங்கள்.

கேள்வி: கடன் எல்லாம் தீர்ந்தது. நான்கு வருடப் பழைய போன் நன்றாகத்தான் ஓடுகிறது, சார்ஜ்தான் நிற்பதில்லை. புதிது வாங்கலாமா? (வாசகர், ஆவடி)

பதில்: பேட்டரியை மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் பிரிட்ஜ் பழையது, ஆனால் பழுதில்லை. கடன் முடிந்ததால் மாதம் 5,000 ரூபாய் கையில் நிற்கிறது. கிரெடிட் கார்டில் ஆறு மாத வட்டியில்லாத் தவணையில் 30,000 ரூபாய்க்குப் புது பிரிட்ஜ் எடுக்கலாம் என்கிறார் கணவர். இத்தனை நாள் போன அதே ஐயாயிரம்தானே போகப்போகிறது? (வாசகி, மதுரை)

பதில்: 'அதே ஐயாயிரம்தானே.' இந்த இரண்டு சொற்களை எத்தனையோ கடிதங்களில் படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது. நானாகச் சொல்லவில்லை, பூஜ்ய வட்டி என்ற கருத்தே இல்லாத ஒன்று என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 30,000 ரூபாய் விலையில் சுமார் 1,270 ரூபாயைத் தள்ளுபடி என்று முதலில் கழிப்பார்கள். பிறகு அதே 1,270 ரூபாயை வட்டி என்று தவணைகளில் சேர்ப்பார்கள். கூட்டினால் 30,000 வரும், நமக்கும் மனம் நிறையும். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அது சுமார் 230 ரூபாய். பரிசீலனைக் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. இந்த இரண்டும் விளம்பரப் பலகையில் இருக்காது, மாத அறிக்கையின் அடியில் இருக்கும்.

பெரிய இழப்பு அதற்கும் மேலே இருக்கிறது. அதே கடையில் நின்று, 'முழுப் பணமும் இப்போதே தருகிறேன், என்ன விலை?' என்று கேட்டுப் பாருங்கள். ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ குறைத்துக் கேட்க அப்போது உங்களுக்கு வாய் இருக்கும். தவணைக்காரருக்கு அந்த வாய் இல்லை. ஒரு மாதம் பணம் கட்டத் தவறினால் கார்டின் வழக்கமான வட்டி ஏறும். பல கார்டுகளில் அது மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல்.

நானும் இதில் அடிபட்டவன். என் வாகனக் கடன் முடிந்த மறுமாதமே, கையில் நின்ற பணத்தைப் பார்த்து, பன்னிரண்டு மாதத் தவணையில் 14,000 ரூபாய்க்கு ஒரு துணி அலமாரி எடுத்தேன். மரம் என்றார் விற்பனையாளர், மரம் என்றே நம்பினேன். அமுக்கிய மரத்தூள் பலகை அது. இரண்டாவது ஐப்பசி மழையில் அடிப்பலகை ஊறி உப்பி, கதவு மூடாமல் போயிற்று. பில்லில் 'வார்ட்ரோப் – 1' என்று மட்டும் இருந்தது. எதில் செய்தது என்று எழுதி வாங்காததால் என்னால் வாதாட முடியவில்லை. பிறகு பழைய சாமான் கடையில் 6,000 ரூபாய்க்கு ஓர் இரும்பு பீரோ வாங்கினேன். அது இன்றும் இருக்கிறது. அந்த அலமாரியை நான் தேடிப் போகவே இல்லை. பணம் கையில் சும்மா நின்றது, அது பொறுக்காமல் வாங்கினேன். இன்று வரை வருத்தம்.

அதனால்தான் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய தவணை போன அதே தேதியில் அதே 5,000 ரூபாயை உங்கள் பெயரில் ஒரு தொடர் வைப்புக் கணக்குக்குப் போகச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்தும் பிரிட்ஜ் வேண்டும் என்று தோன்றினால் ரொக்கமாகப் போய் வாங்குங்கள். பழுதில்லாத பிரிட்ஜுக்கு என்ன அவசரம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கதவு ரப்பர் தளர்ந்திருந்தால் அதை மாற்றுங்கள்.

கேள்வி: கிரெடிட் கார்டு பாக்கி முழுவதையும் கட்டி, கார்டை ரத்து செய்யச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. 'ஆண்டுக் கட்டணம் வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள்' என்று திரும்பத் திரும்ப அழைக்கிறார்கள். (வாசகர், ஓசூர்)

பதில்: பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தவறினால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2022 ஜூலை முதல் இதுதான் விதி. மின்னஞ்சலில் இந்த வரியை எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: கடன் தீர்ந்து ஒரு வருடம் ஆகியும் கணவர் பகலில் மின்விசிறி போட விடுவதில்லை. மாமியாருக்கு வயது எழுபத்தைந்து. சிக்கனம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டுமா? (வாசகி, திருச்சி)

பதில்: இல்லை. வயதானவரைத் திருச்சி வெயிலில் வேகவைத்து மிச்சம் பிடிக்கும் காசு வேண்டவே வேண்டாம். ஆனால் உங்கள் கணவரைக் கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை. கடனில் பல ஆண்டு கிடந்தவருக்கு அந்தப் பயம் ஒரே நாளில் விட்டுப் போகாது. அவருக்குக் கணக்காகச் சொல்லுங்கள், கேட்பார். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. என்ற மின்சிக்கன மோட்டார் உள்ளது 30 வாட் அளவில் ஓடும். தினம் 16 மணி நேரம் சுழன்றால் இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கு ஏறக்குறைய 43 யூனிட் குறையும். உங்கள் வீட்டு அளவு 500 யூனிட்டை ஒட்டி நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப் படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் கூடும் என்பதால் 43 யூனிட் உங்களுக்குப் பெரிய விஷயம். மாமியார் அறையில் முதலில் மாட்டுங்கள்.

கேள்வி: செல்போனில் விளம்பரம் பார்த்து 499 ரூபாய்க்கு மூன்று புடவை என்று முன்பணம் அனுப்பினேன். கிழிந்த ஒற்றைத் துணி வந்தது. இது மூன்றாவது முறை. என்ன செய்யலாம்? (வாசகி, சேலம்)

பதில்: பணம் அனுப்பிய உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்திருக்க வேண்டும். இப்போதும் புகார் கொடுங்கள். ஆனால் முதல் முறை உங்களை ஏமாற்றினார்கள், மூன்றாவது முறை நீங்களே கதவைத் திறந்து வைத்தீர்கள். கடையின் முகவரி இல்லை, பில் இல்லை, ஒரு புடவை 166 ரூபாய். நெய்தவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று ஒரு கணம் யோசித்திருந்தாலே கை நின்றிருக்கும்.

கேள்வி: நாங்கள் ஐந்து பெண்கள் வீட்டு வேலை செய்கிறோம். கந்துவட்டியிலிருந்து மீண்டு, இனிக் கடன் வாங்கக் கூடாது என்று தெருமுனைக் கடையில் மாதம் 1,000 ரூபாய் தீபாவளிச் சீட்டுப் போட்டோம். பத்து மாதம் கட்டினோம். கடை பூட்டியிருக்கிறது. (வாசகி, சென்னை)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. நீங்கள் செய்ததில் தப்பு எதுவும் இல்லை. தப்பு முழுவதும் பூட்டிவிட்டுப் போனவருடையது. தனித்தனியாகப் போகாதீர்கள். சீட்டு அட்டைகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தெருவில் இன்னும் எத்தனை பேர் கட்டினார்கள் என்று விசாரித்து, எல்லோரும் சேர்ந்து ஒரே புகாராகக் காவல் நிலையத்தில் கொடுங்கள். புகாரைப் பதிந்ததற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஆட்கள் அதிகம் என்றால் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்கும் போகலாம். வைப்புப் பணத்தை ஏமாற்றுபவர்களின் சொத்தை முடக்க 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் வழி செய்கிறது. பணம் உடனே வரும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் புகார் கொடுக்காதவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

அடுத்த தீபாவளிக்கு அஞ்சலகம் அல்லது வங்கியில் சேமியுங்கள். அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்தே உண்டு. ஆனால் அது ஐந்து ஆண்டுக் கணக்கு. ஒரு வருடத்துக்குள் பணம் வேண்டுமென்றால் வங்கியில் பன்னிரண்டு மாதக் கணக்கைக் கேளுங்கள்.

கேள்வி: கடன் தீர்ந்து வசதி வந்த பிறகும் ரேஷனில் பருப்பும் பாமாயிலும் வாங்குகிறேன். பக்கத்து வீட்டில் ஏளனமாகப் பேசுகிறார்கள். (வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். பக்கத்து வீட்டார் அந்த வித்தியாசத்தைக் கொடுப்பார்களா? எடையை மட்டும் சரியாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஆறு வருடம் அடகில் இருந்த ஐந்து பவுன் சங்கிலியை மீட்டுவிட்டோம். பழைய மாடலாக இருப்பதால் அதைக் கொடுத்துப் புது டிசைனில் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். (வாசகி, விருதுநகர்)

பதில்: ஆறு வருடம் வட்டி கட்டிக் காப்பாற்றிய பொருளை இரண்டு நாளில் கரைத்துவிடாதீர்கள். ஐந்து பவுன் என்பது 40 கிராம். புதுச் சங்கிலிக்கு 12 சதவீதம் சேதாரம் என்றால் 4.8 கிராம் தங்கத்தின் விலை அதிலேயே போய்விடும். மேலே 3 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. உங்கள் பழைய சங்கிலியில் அழுக்கு, பொடி, தரம் என்று கழிப்பது தனி. அரை பவுனுக்கு மேல் விட்டுக் கொடுத்து அதே ஐந்து பவுனை வாங்குவீர்கள்.

கொக்கி தளர்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். பற்றவைப்பதை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லி, கொடுக்கும் முன் ஒருமுறை, வாங்கிய பின் ஒருமுறை எடை பாருங்கள். கழற்றிய பழைய கொக்கியைக் கேட்டு வாங்கி வாருங்கள், அதுவும் தங்கம்.