புரியாத கேள்வியை விட்டுவிட்டால் வாக்குச்சீட்டு செல்லாதா?

வணக்கம். குடியுரிமை வாங்கி முதல் தடவை வாக்களிக்கிறீர்கள், 2024 நவம்பர் கலிஃபோர்னியா வாக்குச்சீட்டில் அதிபர் போட்டியோடு, வாக்காளர்களே 'ஆம்', 'இல்லை' என்று முடிவு செய்யும் 10 மாநிலக் கேள்விகளும் இருந்ததைப் பார்த்து மலைத்துப்போய், புரியாததை விட்டால் சீட்டே செல்லாமல் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது. விட்ட கேள்வியில் மட்டும் உங்கள் வாக்கு இருக்காது, மற்றதெல்லாம் எண்ணப்படும்.

ஆனால் அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். அந்த 2024 சீட்டில் 32ஆம் கேள்வி குறைந்தபட்ச ஊதியம் பற்றியது, 33ஆம் கேள்வி வாடகைக் கட்டுப்பாடு பற்றியது, இரண்டுமே நம் வீட்டுச் செலவைத் தொட்டவை. மாநிலம் அனுப்பும் வாக்காளர் கையேட்டை எடுங்கள், 'ஆம்' போட்டால் என்ன ஆகும், 'இல்லை' போட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் சுருக்கமாகப் போட்டிருப்பார்கள், நான் முதலில் படிப்பது அதைத்தான். யார் கொண்டுவந்தது என்பதை வைத்து ஊகிக்க வேண்டாம். 2022இல் 31ஆம் கேள்வி, சுவையூட்டிய புகையிலை விற்பனைத் தடையை எதிர்த்துப் புகையிலை நிறுவனங்கள் கொண்டுவந்தது, ஆனாலும் தடைச் சட்டம் நீடிக்கலாமா என்பதே கேள்வி என்பதால், தடை வேண்டும் என்றவர்கள்தான் 'ஆம்' போட வேண்டியிருந்தது!

அப்புறம், சீட்டை வைத்துத் திருப்பி அனுப்பும் உறையின் மேல் கையெழுத்துப் போட மறக்காதீர்கள், பதிவில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். தபாலில் அனுப்பினால் தேர்தல் நாளுக்குள் (2024இல் அது நவம்பர் 5) அஞ்சல் முத்திரை விழ வேண்டும்.