இரண்டாவது குழந்தைக்கு முன் எடையும் ரத்தமும் ஏற வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 26. உயரம் 155 செ.மீ., எடை 41 கிலோ. முதல் மகன் 38-வது வாரத்தில் 2.1 கிலோ எடையில் பிறந்தான். அவனுக்கு ஒன்றரை வயது ஆகிறது, அடுத்த குழந்தை பற்றி யோசிக்கிறோம். என் ஹீமோகுளோபின் 9.8. கர்ப்பமான பிறகு நன்றாகச் சாப்பிட்டால் போதாதா?

பதில்: போதாது, இப்போதே தொடங்குங்கள். கர்ப்பம் உறுதியாகி டாக்டரிடம் போவதற்குள் பலருக்கு ஏழெட்டு வாரம் ஓடிவிடுகிறது. குழந்தைக்குச் சத்தைக் கொண்டு சேர்க்கும் நஞ்சுக்கொடி உருவாகத் தொடங்குவது அந்த வாரங்களில்தான். அப்போது உங்கள் உடம்பில் என்ன இருப்பு இருக்கிறதோ அதை வைத்துத்தான் எல்லாம் நடக்கும்.

முதலில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். 2.5 கிலோவுக்குக் குறைந்தால் அது குறைந்த பிறப்பு எடை. உங்கள் மகன் குறைமாதத்தில் பிறக்கவில்லை என்பதால், வயிற்றுக்குள்ளேயே வளர்ச்சி குறைந்திருக்கலாம். கடைசி மாதங்களில் உங்களுக்கு ரத்த அழுத்தம் கூடியதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். கூடியிருந்தால், அடுத்த முறை 12 வாரத்துக்குப் பிறகு குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று அவர் முடிவு செய்வார். அதைச் சாப்பாட்டால் மட்டும் சரிசெய்ய முடியாது.

அப்புறம் எடை. உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் பி.எம்.ஐ. உங்களுக்கு ஏறக்குறைய 17. குறைந்தது 18.5 வேண்டும், அதாவது உங்கள் உயரத்துக்கு 44.5 கிலோ. மும்பை குடிசைப் பகுதிகளில் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே கீரை, பழம், பால் சேர்த்த சிற்றுண்டி கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2014-ல் வெளிவந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மூன்று மாதமாவது முன்பே தொடங்கியவர்களின் குழந்தைகள் சராசரியாக 48 கிராம் கூடுதலாக இருந்தன. மிக ஒல்லியான பெண்களுக்கு அந்தப் பலனும் கிடைக்கவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சிற்றுண்டி மட்டும் பத்தாது என்பதுதான். மொத்தச் சாப்பாடே கூட வேண்டும். மூன்று வேளையோடு காலை 11 மணிக்கும் மாலையிலும் சுண்டல், வேர்க்கடலை உருண்டை, முட்டை, பால் என்று ஏதாவது சேருங்கள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு மிச்சத்தை உண்ணும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். இதில் உங்கள் கணவருக்கும் பொறுப்பு உண்டு, இந்தப் பதிலை அவரிடமும் காட்டுங்கள்.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். 9.8 கணிசமான குறைவு. டாக்டர் தரும் இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு போடாமல் எலுமிச்சைச் சாறு போன்றவற்றோடு போடுங்கள். ஒரு மாதத்தில் அளவு ஏறவில்லை என்றால் வைட்டமின் பி12 குறைபாடு, தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) மரபுக்கூறு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே போகாதீர்கள். 12-ஐத் தொட்ட பிறகும் சில மாதம் தொடர்ந்தால்தான் இருப்பு சேரும்.

கூடவே சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். கட்டுப்படாத சர்க்கரை பெரும்பாலும் குழந்தையின் எடையை அளவுக்கு மீறி ஏற்றும், அதுவும் ஆபத்தே. வீட்டில் யாராவது புகைத்தால் அந்தப் புகையும் குழந்தையின் எடையைக் குறைக்கும்.

ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம், கருத்தரிக்க ஒரு மாதமாவது முன்பே வேண்டும். அது எடைக்காக அல்ல. குழந்தையின் தண்டுவடமாக மாறும் குழாய் கருத்தரித்த முதல் 28 நாளில் மூடிவிடும், அது சரியாக மூடுவதற்காக.

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே இரண்டு வருடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்களுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. 45 கிலோவைத் தொடவும் ரத்தம் ஏறவும் அது போதுமான காலம். அதுவரை ஆணுறையோ காப்பர்-டியோ, டாக்டரிடம் கேட்டு உங்களுக்குச் சரிப்பட்ட கருத்தடை முறையைப் பயன்படுத்துங்கள்.