கம்பெனி கட்சிக்குக் கொடுக்கும் பணம்: போர்டு தீர்மானம் முதல் ஆண்டறிக்கை வரை

யார் கொடுத்தது என்று வெளியில் தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்தது. அதோடு 2017-ல் சேர்த்த பல திருத்தங்களும் விழுந்தன. எது இப்போது செல்லும், எதை எங்கே காட்ட வேண்டும் என்று வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. வருமான வரிப் பிரிவு எண்கள் 1961 சட்டத்தின்படி தரப்பட்டுள்ளன. 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் புதிய சட்டத்தில் எண்கள் வேறு.

அக்கவுண்ட்ஸ் மேனேஜர், திருப்பூர்: சார், எங்களுடையது பிரைவேட் லிமிடெட். ஒரு கட்சிக்கு 50 லட்சம் அனுப்பச் சொல்லி எம்.டி. சொல்லிவிட்டார். உச்சவரம்பை 2017-லேயே எடுத்துவிட்டார்கள் என்கிறார் ஆடிட்டர். ஆர்டிஜிஎஸ் போட்டுவிடலாமா? கடந்த மூன்று வருடத்தில் 12 கோடி லாபம், 6 கோடி நஷ்டம், 9 கோடி லாபம்.

போடாதீர்கள். வரம்பை நீக்கியது உண்மைதான், ஆனால் அந்த நீக்கமே அரசியல் சாசனத்தின் 14-வது பிரிவுக்கு முரண் என்று தீர்ப்பு வந்துவிட்டது. கம்பெனிகள் சட்டம் 2013-ன் 182-வது பிரிவில் முதலில் இருந்த 7.5 சதவீத வரம்பைத்தான் இன்று பின்பற்ற வேண்டும். இணையத்தில் கிடைக்கும் சட்டப் பிரதிகள் சிலவற்றில் 2017-ன் வாசகம் அப்படியே இருக்கிறது. உங்கள் ஆடிட்டர் பார்த்தது அதுவாக இருக்கலாம்.

கணக்கு இப்படி: முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபம். 12-ல் 6 போய், 9 சேர்ந்தால் 15 கோடி. மூன்றால் வகுத்தால் 5 கோடி. அதில் 7.5 சதவீதம் 37.5 லட்சம். நஷ்ட வருடத்தை விட்டுவிட்டு லாப வருடங்கள் இரண்டை மட்டும் எடுத்து 78.75 லட்சம் என்று போடுவது அடிக்கடி பார்க்கும் தவறு. நிலம் விற்றது போன்ற ஒருமுறை லாபத்தையும் சேர்க்காமல் கணக்கிட்டால் பின்னால் கேள்வி வராது.

37.5 லட்சம் என்பது ஒரு கட்சிக்கு அல்ல, அந்த நிதியாண்டு முழுவதற்கும். மீறினால் கொடுத்த தொகையில் ஐந்து மடங்கு வரை கம்பெனிக்கு அபராதம். 50 லட்சத்துக்கு அது 2.5 கோடி வரை போகும். பொறுப்பான அதிகாரிகளுக்கு ஆறு மாதம் வரை சிறையும் அதே அளவு அபராதமும் உண்டு. எம்.டி.யிடம் இந்த ஒரு பத்தியைக் காட்டுங்கள்.

கம்பெனி செக்ரட்டரி, சென்னை: டைரக்டர்கள் மூன்று பேரும் மூன்று ஊரில். கூட்டம் போடாமல் மெயிலில் ஒப்புதல் பெறும் சர்குலேஷன் தீர்மானம் வாங்கினால் போதுமா?

போதாது. அரசியல் நன்கொடைக்குப் போர்டு கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானம் வேண்டும். 182-வது பிரிவும் சொல்கிறது, போர்டு அதிகாரங்கள் பற்றிய 2014 விதிகளில் 8-வது விதியும் சொல்கிறது. வீடியோ வழியாகக் கூட்டம் நடத்தலாம், கோரம் (தேவையான குறைந்தபட்ச டைரக்டர்கள்) இருந்தால் சரி.

தீர்மானத்தில் கட்சியின் பதிவுப் பெயர், தொகை, கொடுக்கும் முறை, வரம்புக் கணக்கு ஆகிய நான்கும் இருக்கட்டும். “தேவைப்படும்போது தகுந்த கட்சிக்குத் தகுந்த தொகை” என்று எம்.டி.க்குப் பொத்தாம்பொதுவாக அதிகாரம் கொடுத்து எழுதுவதை நான் தீர்மானமாகவே மதிக்க மாட்டேன். மற்றவர்கள் பணத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்று போர்டு யோசித்ததற்கு அதில் அடையாளமே இல்லை. பணம் அக்கவுண்ட் பேயீ செக், டிராஃப்ட் அல்லது வங்கி வழி மின்னணுப் பரிமாற்றம் மூலம் மட்டுமே போக வேண்டும்.

பப்ளிக் கம்பெனி என்றால் 30 நாளுக்குள் தீர்மானத்தைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் எம்ஜிடி-14 படிவம் தாக்கல் செய்யுங்கள். பிரைவேட் கம்பெனிகளுக்கு 2015 ஜூன் அறிவிக்கையில் விலக்கு உண்டு.

இன்னொன்று: மார்ச் 30-ல் செக் கொடுத்து, கட்சி அதை ஏப்ரலில் போட்டால் உங்கள் கணக்கில் ஒரு வருடம், அவர்கள் கணக்கில் அடுத்த வருடம் என்று ஆகும். பிறகு யாராவது ஒப்பிட்டால் நீங்கள் மறைத்ததுபோலத் தெரியும். மார்ச் கடைசி வாரத்தில் செக்கைத் தவிர்த்து நேரடிப் பரிமாற்றம் செய்யுங்கள், ரசீதையும் அதே வாரம் கேட்டு வாங்குங்கள்.

விளம்பரப் பிரிவு, ஈரோடு: கட்சி மாநாட்டு மலரில் முழுப் பக்க வாழ்த்து விளம்பரம் கொடுத்தோம். அது விளம்பரச் செலவுதானே, நன்கொடை இல்லையே?

நன்கொடைதான். கட்சியோ, கட்சியின் சார்பில் வேறொருவரோ வெளியிடும் மலர், கையேடு, துண்டுப் பிரசுரம் எதில் விளம்பரம் கொடுத்தாலும் 182(2) அதைக் கட்சிக்குத் தந்த பணமாகவே எடுத்துக்கொள்கிறது. போர்டு தீர்மானம், 7.5 சதவீத வரம்பு, கணக்கில் வெளியிடுவது எல்லாம் இதற்கும் பொருந்தும். பல கம்பெனிகள் வழுக்குவது இங்கேதான். போர்டு 30 லட்சம் நன்கொடைக்கு ஒப்புதல் கொடுத்திருக்கும். மார்க்கெட்டிங் பிரிவு தன் பட்ஜெட்டிலிருந்து மலருக்குத் தனியாக 8 லட்சம் கொடுத்திருக்கும். திருப்பூர் நண்பரின் கணக்குப்படி பார்த்தால் அந்த ஆண்டு வரம்பு தாண்டிவிட்டது, போர்டுக்குத் தெரியவே தெரியாது.

தடுக்க எளிய வழி: விளம்பர வவுச்சரில் “வெளியிடுபவர் யார்” என்று ஒரு கட்டம் சேர்த்து, கட்சி சம்பந்தப்பட்டது என்றால் கம்பெனி செக்ரட்டரி கையெழுத்தில்லாமல் பணம் போகாதபடி வையுங்கள். வரியிலும் இதை விளம்பரச் செலவாகக் கழிக்க முடியாது, வருமான வரிச் சட்டத்தின் 37(2பி) தடுக்கிறது. கழிவு வேண்டுமானால் கம்பெனிகளின் அரசியல் நன்கொடைக்கான 80ஜிஜிபி பிரிவு வழியாகத்தான்.

ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், மதுரை: ஐயா, நான்கைந்து கம்பெனிகளில் கொஞ்சம் ஷேர் வைத்திருக்கிறேன். அவர்கள் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார்கள் என்று நான் எப்படிப் பார்ப்பது?

உங்கள் பணம், நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. மூன்று இடங்களில் பாருங்கள்.

முதலில் ஆண்டறிக்கை. லாப நட்டக் கணக்கின் குறிப்புகளில் “இதர செலவுகள்” என்ற தலைப்பைத் திறங்கள். 2017 திருத்தம் மொத்தத் தொகையை மட்டும் காட்டினால் போதும் என்று மாற்றியிருந்தது. தீர்ப்பு அதையும் ரத்து செய்ததால், இப்போது கட்சியின் பெயரும் தொகையும் இருக்க வேண்டும். வெறுமனே “நன்கொடைகள்” என்று ஒரே வரி இருந்தால், அதில் அரசியல் நன்கொடை உண்டா என்று எழுதிக் கேளுங்கள். அறப்பணி நன்கொடை 181-வது பிரிவில் வருவது. அதற்கு வரம்பும் வேறு, ஒப்புதலும் வேறு. இரண்டையும் ஒரே வரியில் கலப்பது தவறு.

இரண்டாவது தேர்தல் ஆணையத்தின் இணையதளம். 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த ஒவ்வொருவரின் பெயர், முகவரி, தொகை ஆகியவற்றை கட்சிகள் 24ஏ படிவத்தில் ஆண்டுதோறும் தர வேண்டும். கட்சி வாரியாகப் பிடிஎஃப் கிடைக்கும். சில ஸ்கேன் செய்த பக்கங்கள் என்பதால் தேடல் வேலை செய்யாது, புரட்டித்தான் பார்க்க வேண்டும். கம்பெனியின் துணை நிறுவனப் பெயர்களையும் குறித்துவைத்துத் தேடுங்கள். தாய் நிறுவனத்தின் பெயரில் ஒன்றும் இல்லாமல் போகலாம்.

மூன்றாவது, அதே தளத்தில் உள்ள, கம்பெனிகளிடம் பணம் வாங்கிக் கட்சிகளுக்குக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளைகளின் ஆண்டறிக்கைகள்.

எம்ஜிடி-14 படிவத்தில் தீர்மானத்தைப் பார்க்கலாமே என்று தோன்றும். முடியாது, இந்த வகைத் தீர்மானங்களைப் பொதுமக்கள் பார்க்கவோ நகல் எடுக்கவோ 117-வது பிரிவே தடுக்கிறது. நன்கொடைக்குப் பங்குதாரர் ஒப்புதலும் தேவையில்லை என்று சட்டம் வைத்திருப்பதால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேட்பதுதான் உங்கள் கையில் இருக்கும் வழி. கேள்வியைக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் அனுப்புங்கள்.

முதுகலை மாணவி, கோவை: தேர்தல் அறக்கட்டளை என்பது பத்திரத்தின் இன்னொரு வடிவமா சார்?

இல்லை, ஆனால் அதிலும் ஒரு திரை இருக்கிறது. 2013 ஜனவரியில் வந்த திட்டம் இது. லாப நோக்கமற்ற கம்பெனியாகப் பதிவு செய்து, வருமான வரித் துறையின் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒரு நிதியாண்டில் வந்த பணத்தில் 95 சதவீதத்தை மார்ச் 31-க்குள் பதிவு பெற்ற கட்சிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம் வரை, அதுவும் முதல் வருடம் 5 லட்சம், பிறகு 3 லட்சம் என்ற உச்சவரம்புக்குள். ரொக்கம், வெளிநாட்டவர் பணம், இன்னொரு அறக்கட்டளையின் பணம் எதுவும் வாங்கக் கூடாது. புரூடண்ட் அறக்கட்டளை இதில் மிகப் பெரியது. டாடா குழுமத்துக்கு புரோகிரசிவ் அறக்கட்டளை.

திரை எங்கே என்றால், அறக்கட்டளைக்கு யார் கொடுத்தார் என்று தெரியும், அது எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்று தெரியும். பத்து கம்பெனிகள் கொடுத்து மூன்று கட்சிகளுக்குப் போனால், யார் பணம் யாருக்குப் போனது என்று தெரியாது. 2013 டிசம்பர் சுற்றறிக்கையின்படி, அறக்கட்டளைக்குக் கொடுத்த கம்பெனி அந்தத் தொகையைக் காட்டினால் போதும், கட்சிப் பெயர் வேண்டாம். சட்டப்படி சரி. பங்குதாரருக்குப் போதாது என்பது என் உறுதியான கருத்து.

பத்திரத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிது. பத்திரத்தில் வாங்கியவர் பெயரே வெளியில் வராது. 2024 மார்ச்சில் பத்திரங்களை விற்ற ஸ்டேட் வங்கியை விவரம் தரும்படி நீதிமன்றம் வற்புறுத்திய பிறகுதான் உங்கள் ஊர் முகவரி கொண்ட ஃப்யூச்சர் கேமிங் 1,368 கோடிக்கு வாங்கி முதலிடத்தில் இருந்தது ஊருக்குத் தெரிந்தது.

நிதி இயக்குநர், ஓசூர்: எங்கள் பங்கில் 74 சதவீதம் சிங்கப்பூர் தாய் நிறுவனத்திடம் இருக்கிறது. நாங்கள் கொடுக்கலாமா?

முன்பு முடியாது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் உங்களை வெளிநாட்டு மூலமாகவே, அதாவது வெளிநாட்டுப் பணம் தருபவராகவே பார்த்தது. 2014-ல் டெல்லி உயர் நீதிமன்றம் காங்கிரஸ், பாஜக இரண்டுமே அந்தச் சட்டத்தை மீறியதாகச் சொன்னதும் இப்படிப்பட்ட பணத்தில்தான். 2016-ல் சட்டத்தைத் திருத்தி, 2018-ல் அந்தத் திருத்தத்தை 1976 வரை பின்னோக்கியும் கொண்டுபோனார்கள். இப்போது உங்கள் துறைக்கான அந்நிய முதலீட்டு வரம்புக்குள் பங்கு இருந்தால் நீங்கள் வெளிநாட்டு மூலம் அல்ல. ஆனால் தாய் நிறுவனம் நேரடியாக அனுப்பக் கூடாது. அவர்கள் நாட்டுச் சட்டமும் குழுமக் கொள்கையும் என்ன சொல்கின்றன என்று எழுத்தில் வாங்கிய பிறகு போர்டுக்குக் கொண்டுபோங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: ஒரு சிறிய பதிவுக் கட்சிக்கு 10 லட்சம் வங்கி வழியாகக் கொடுத்தால், கமிஷன் போக மீதியை ரொக்கமாகத் திருப்புவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார்.

வேண்டவே வேண்டாம். அது நன்கொடை அல்ல, கறுப்புப் பணம் உண்டாக்குவது. அங்கீகாரம் பெறாத கட்சிகள் வழியாக நடக்கும் இதை வருமான வரித் துறை 2022 செப்டம்பரில் பல மாநிலங்களில் சோதனை போட்டுப் பிடித்தது. தேர்தல் ஆணையம் 2025 ஆகஸ்டில் செயல்படாத 334 கட்சிகளைப் பட்டியலிலிருந்து நீக்கியது. கழிவு ரத்தாகும், வட்டியும் அபராதமும் வரும், புரோக்கரின் டைரியில் உங்கள் பெயர் இருக்கும். ஏற்கெனவே கழிவு கோரியிருந்தால் நோட்டீஸ் வரும் முன் திருத்திய கணக்குத் தாக்கல் செய்யுங்கள்.

சில சின்னக் கேள்விகள்

அரசு நிறுவனம் கொடுக்கலாமா? கூடாது. மூன்று நிதியாண்டு ஆகாத கம்பெனியும் கூடாது.

22 சதவீத வரித் திட்டத்தில் இருந்தால் கழிவு உண்டா? அந்தத் திட்டத்துக்கான 115பிஏஏ பிரிவைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 80ஜிஜிபி கிடையாது. வரி மிச்சமாகும் என்று சொல்லி போர்டில் ஒப்புதல் வாங்கும் முன் இதைப் பாருங்கள்.

எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை)? 182 அதற்குப் பொருந்தாது. வங்கி வழியாகக் கொடுத்தால் கழிவு வருமான வரிச் சட்டத்தின் 80ஜிஜிசி-யில்.