ஷீட் வேலைக்கு நிலையான ஆட்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டு மாடிகளுக்கு ஷீட் கூரை போடும் வேலையை ஒப்பந்தமாக எடுத்துச் செய்து வருகிறேன். வேலைக்குக் குறைவில்லை, ஆட்கள்தாம் நிலைப்பதில்லை. முன்பணம் வாங்கியவர்கள்கூட, கூலி கூடுதல் என்று பாதியில் திருவனந்தபுரம் பக்கம் போய்விடுகிறார்கள். நம்பகமான குழுவை அமைப்பது எப்படி?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: எல்லை தாண்டினால் கூலி கூடும் என்பது நம் குமரி மாவட்டத்தில் கொத்தனார் முதல் தச்சர் வரை எல்லாருக்கும் பொருந்தும், அந்தக் கூலியோடு நீங்கள் போட்டியிட வேண்டியதில்லை. போக்குவரத்துச் செலவும் பயண நேரமும் போக மிஞ்சுவது என்ன என்று தொழிலாளியும் கணக்குப் பார்க்கவே செய்வார். சனிக்கிழமை மாலை கூலி தவறாது, மழைக்காலத்திலும் வேலை இருக்கும் என்னும் இரண்டும் உறுதியானால் பலர் ஊரிலேயே நிற்பார்கள். இடவப்பாதியும் (ஜூன் வாக்கில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் என ஆண்டுக்கு இருமுறை நனையும் மாவட்டத்தில் இரண்டாவதை உறுதிசெய்வதுதான் கடினம். அந்நாட்களில் கொட்டகைக்குள் டிரஸ்களை (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களை) வெல்டிங் செய்து வைக்கலாம்; மழை விட்ட இடைவெளியில் பழைய ஓட்டு வீடுகளின் ஒழுக்கு அடைப்பது, தண்ணீர்ப் பாத்தி (கூரை ஓரத்து மழைநீர் வடிகால்) சீர்செய்வது போன்ற சிறு வேலைகளை ஏற்கலாம். இவற்றில் ஆதாயம் குறைவே; ஆனால் ஆள் கலையாது. முன்பணத்தால் ஆளைக் கட்டிப்போடலாம் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடன் ஏறியவர்தான் முதலில் தொலைபேசியை அணைத்து வைப்பார்.

தலைமை ஆளைத் தேர்ந்தெடுக்க, முதலில் ஒரு கார் ஷெட் அளவிலான வேலையை அவரிடம் கொடுத்து, மாலையில் போய்ப் பாருங்கள். ஷீட்டைத் துளையிடும்போதும் வெட்டும்போதும் விழும் இரும்புத் துகள்களைப் பெருக்கிவிட்டு இறங்குகிறாரா? பெருக்காமல் விட்டால், ஓர் இரவுப் பனியிலேயே அவை துருப்பிடித்து, புதிய ஷீட்டில் செம்புள்ளிகளாகப் படிந்துவிடும். ஸ்க்ரூவின் ரப்பர் வாஷரையும் பாருங்கள்: பிதுங்கி வெடிக்கும் அளவுக்கு இறுக்கியிருந்தாலும், தளர்வாக விட்டிருந்தாலும் அங்கே ஒழுகும். ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் ஸ்க்ரூக்களை நெருக்கமாகப் போட்டிருக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். காற்று கூரையை மேல்நோக்கி இழுக்கும் விசை அங்கேதான் மிகுதி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலைக் கண்ட மாவட்டத்துக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

பாதுகாப்புப் பட்டை, அதை மாட்டுவதற்கு உறுதியான கயிறு, பழைய ஆஸ்பெஸ்டாஸ் மேல் நடக்கப் பலகை ஆகியவற்றை வாங்கித் தருவது உங்கள் பொறுப்பு. வேலையிடத்தில் நேரும் விபத்துக்கு வேலை கொடுப்பவர் இழப்பீடு தர வேண்டும் என்பது 1923 முதலே சட்டம். 'அவர்களாகவே ஏறினார்கள்' என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆகவே விபத்துக் காப்பீட்டை விலைப்புள்ளியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் உங்கள் ஆட்களைப் பதிவு செய்யவும் உதவுங்கள். பதிவுக்காக ஒருநாள் உடன் சென்று வரும் முதலாளியை விட்டு ஆள் அவ்வளவு எளிதில் போவதில்லை.

கேள்வி: கடலோர வீடுகளில் நாங்கள் அமைத்த கூரைகளில், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பாக இருந்தும் வெல்டிங் இணைப்புகள் விரைவில் துருப்பிடிக்கின்றன. குறை பொருளிலா, ஆளிலா?
– வாசகர், குளச்சல்

பதில்: பெரும்பாலும் வேலைமுறையில். வெல்டிங் சூட்டில் பைப்பின் துத்தநாகப் பூச்சு அந்த இடத்தில் எரிந்துபோகிறது. உப்புக்காற்று அங்கிருந்தே அரிக்கத் தொடங்கும். கசடைத் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, துத்தநாக பிரைமரை அன்றைக்கே பூச வேண்டும். பெயின்டர் வரட்டும் என்று ஒத்திப்போடாமல், குழுவில் ஒருவருக்கு இதையே வேலையாகக் கொடுத்து, அவர் பூசி முடித்த பிறகே ஷீட்டை ஏற்றச் சொல்லுங்கள்.