ஆக்களுக்கு அடிக்கிற சேவல்: கேள்வியும் பதிலும்

ஊர்க்கோழி பற்றி என்னவெண்டாலும் கேளுங்கோ எண்டு சொன்னதுக்கு வந்த கேள்வியளில முக்காவாசி ஒரே விசயம்தான்: சேவல் ஆக்களுக்குப் பாய்ஞ்சு அடிக்குது. அதால இந்த முறை அதையே எடுக்கிறன். நான் மாங்குளத்தடியில வளவுக்கோழி வளர்த்துக் குஞ்சு விக்கிற ஆள், மிருக வைத்தியர் இல்லை. வருத்தம் பற்றின கேள்வியளுக்கு இஞ்ச பதில் கிடைக்காது.

விசுவமடு: அக்கா, எட்டு மாதச் சேவல். குஞ்சில இருந்து மகன் மடியில வைச்சுத் தீன் குடுத்து வளர்த்தது. இப்ப மனிசி முற்றத்துக்கு இறங்கினா காலுக்குப் பாயுது. மகனுக்கு ஆறு வயது. என்ன செய்யலாம்?

தம்பி, முதல் அலுவல் இண்டைக்கே செய்யுங்கோ. மகன் முற்றத்தில நிக்கிற நேரம் சேவல் வெளியில திரியக்கூடாது. பெரியாளுக்கு முழங்காலுக்குக் கீழ படுற முள்ளு (சேவலின்ர காலுக்குப் பின்னால வளருற கூர்), ஆறு வயதுப் பிள்ளைக்கு முகத்தில படும். கண்ணில பட்டா பிறகு கதைச்சு வேலையில்லை. ஒரு முடிவு வரும்வரை சேவல் கூட்டுக்குள்ள, இல்லாட்டிக் கரப்புக்குள்ள.

இனி ஏன் எண்டு சொல்லுறன். அஞ்சாறு மாதத்தில சேவலுக்கு வயசு வந்து, பேடுகள் தன்ர எண்ட எண்ணம் வரும். சாதாரணமா அது ஆக்களைக் கண்டா ஒதுங்கும். உங்கட சேவல் மடியில வளர்ந்தது, அதுக்கு ஆக்களில பயமில்லை. பயமில்லாத சேவல் உங்களையும் இன்னொரு சேவலாத்தான் கணக்குப் பண்ணும். மகனில பிழையில்லை, அவரைப் பேசாதேங்கோ. இனி வாற சேவல் குஞ்சுகளை மட்டும் மடியில வைக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

பாயிறதுக்கு முன்னம் அது காட்டித்தான் பாயும். ஒரு செட்டையைத் தாழ்த்திப் பக்கவாட்டில நடக்கும். கழுத்து இறகு சிலிர்க்கும். ஒண்டுமில்லாத நிலத்தைக் கொத்தும். அந்த நேரம் பின்னுக்குப் போனா அது வெண்டிட்டுது. நிண்ட இடத்தில நிண்டு, பிறகு ஆறுதலா அதை நோக்கி நடவுங்கோ, அது விலகும்வரை. கையில ஒரு கடகமோ சுளகோ இருந்தா காலுக்கு முன்னால பிடியுங்கோ, முள்ளு அதில படட்டும். உதைக்காதேங்கோ, தடியால அடிக்காதேங்கோ. உதைச்சா நீங்களும் சண்டைக்கு வந்திட்டியள் எண்டுதான் அது எடுக்கும். அடுத்த நாள் இன்னும் மூர்க்கமாப் பாயும்.

இரவில கொப்பில படுத்திருக்கேக்க போய்த் தூக்குங்கோ, இருட்டில அது சண்டை பிடிக்காது. செட்டை ரெண்டையும் உடம்போட அணைச்சு, கமக்கட்டுக்குள்ள வைச்சு, உடம்பு இளகும்வரை வைச்சிருங்கோ. இதை நீங்களும் மனிசியும் மாறி மாறி ஒவ்வொரு நாளும் செய்யவேணும். தீனைக் கையால குடுக்காமல் தூர எறியுங்கோ. அதுக்கு முன்னால பேடுகளைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம்.

ரெண்டு மூண்டு கிழமை பாருங்கோ. மாறாட்டிக் கறிக்குத்தான். பிள்ளையிருக்கிற வீட்டில இதுக்கு மேல பொறுக்கத் தேவையில்லை.

ஏற்கனவே முள்ளுக் குத்தியிருந்தா சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில நல்லாக் கழுவி, ஆசுப்பத்திரியில ஏற்பு ஊசி போடுங்கோ. சின்னத் துளை மாதிரித்தான் தெரியும், ஆனா ஆழம்.

துணுக்காய்: சேவல் இல்லாட்டிப் பேடு முட்டை இடுமோ?

இடும், குஞ்சு பொரிக்காது. சேவலை எடுத்த பிறகும் ரெண்டு கிழமையளவுக்கு வாற முட்டையில கரு இருக்கும். அடை வைக்கிற யோசனை இருந்தா அதுக்குள்ள சேர்த்துக்கொள்ளுங்கோ.

பரந்தன்: சுடச்சுட அவிச்ச உருளைக்கிழங்கை முள்ளில குத்தி வைச்சு முறுக்கினா முள்ளுக் கழண்டு வரும் எண்டு வீடியோவில பாத்தன். செய்யலாமோ?

செய்யாதேங்கோ. வெளியில தெரியிறது எங்கட நகம் மாதிரி ஒரு உறை. உள்ளுக்க இருக்கிறது எலும்பு, ரத்தம் ஓடுற எலும்பு. உறையைக் கழட்டினா அந்தப் பச்சை எலும்பு வெளியில நிக்கும். எங்கட வெக்கையிலயும் இலையான் தொல்லையிலயும் அது சீழ் பிடிக்காமல் ஆறுறது கஷ்டம். சூடு பட்டுக் காலும் வேகும். ஒருத்தர் பிடிக்க, மற்றாள் அரத்தால நுனியை மட்டும் ராவி மழுக்கினாப் போதும். ரத்தம் கசிஞ்சா சுத்தமான துணியால அமத்திப் பிடியுங்கோ. முள்ளு மழுங்கினாலும் சேவல் பாயிறது நிக்காது, காயம்தான் குறையும். அதால பிள்ளையளை அதோட தனிய விடலாம் எண்டு நினைக்கவேண்டாம்.

முள்ளியவளை: எங்கட சேவலும் காலுக்கு அடிக்குது. என்ன செய்யிறது?

விசுவமடுத் தம்பிக்கு எழுதினதுதான் உங்களுக்கும்.

நெடுங்கேணி: 9 பேடு, 3 சேவல். பேடுகளின்ர முதுகில இறகே இல்லை, தோல் தெரியுது. ஒண்டுக்கு விலாவில காயம்.

தங்கச்சி, சேவல் கூடிப்போச்சு. எட்டுப் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் காணும். மூண்டும் மாறி மாறி மிதிச்சா முதுகு அப்பிடித்தான் வரும். காயப்பட்ட பேட்டை இண்டைக்கே தனிய எடுங்கோ. இலையான் முட்டையிட்டுப் புழு வைச்சா பேடு தப்பாது.

எதை வைக்கிறது எண்டு கேட்பியள். பெரிசை வைக்காதேங்கோ. தீனைக் கண்டவுடன தான் விழுங்காமல், கொக்கரிச்சுப் பேடுகளைக் கூப்பிட்டு விலகி நிக்கிற சேவல் ஒண்டு இருக்கும். விடிய நெல்லைத் தூவிப்போட்டுப் பாத்தா தெரியும். அதை வையுங்கோ.

ஒட்டுசுட்டான்: பிள்ளை, நீர் சொல்லுறது சரியில்லை. ஆக்களுக்கு அடிக்கிற சேவல்தான் கீரி, பருந்து வந்தா நிண்டு பிடிக்கும். சாதுச் சேவலை வைச்சுக் காட்டோரத்தில ஒரு குஞ்சும் மிஞ்சாது. எங்கட தகப்பன் காலத்தில இருந்து கண்டது.

ஐயா, காட்டோரத்தில கோழி வளர்க்கிற கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனா சேவல் காவல் காக்கிறது முள்ளால இல்லை, கண்ணாலயும் தொண்டையாலயும். மேல பருந்தைக் கண்டா அது ஒரு விதமாக் கத்தும், பேடும் குஞ்சும் பத்தைக்குள்ள பதுங்கும். நிலத்தில கீரியையோ நாயையோ கண்டா வேற விதமாக் கத்தும், அப்ப எல்லாம் தலையை நிமித்திப் பாக்கும். இந்த ரெண்டு சத்தமும்தான் குஞ்சைக் காப்பாத்துது. வளவில ஒரு நாளைக்கு இருந்து கேளுங்கோ, வித்தியாசம் விளங்கும். படலையால வாற ஒவ்வொரு ஆளையும் துரத்திக்கொண்டு திரியிற சேவல் எப்ப வானத்தைப் பாக்கிறது?

மரநாய் வாறது இரவில. இரவில சேவலுக்குக் கண் சரியாத் தெரியாது, எவ்வளவு மூர்க்கமெண்டாலும் இரைதான். அதுக்கு வலை அடிச்சு, அடி மண்ணுக்குள்ள இறக்கின கூடுதான் வேணும்.

புதுக்குடியிருப்பு: ஐயா சொல்லுறது உண்மை அக்கா. என்ர சேவல் ஆக்களுக்கும் அடிக்கும், பருந்தையும் கலைச்சது. கண்ணால கண்டனான்.

நம்புறன் தம்பி. ரெண்டு குணமும் ஒரு சேவலில இருக்கலாம். ஒண்டு இருந்தாத்தான் மற்றது வரும் எண்டதைத்தான் மறுக்கிறன். சண்டைச் சேவலான அசில் சாதியைப் பாருங்கோ. இன்னொரு சேவலைக் கண்டா உயிர் போகும்வரை விடாது. அதே சேவலை வளர்த்தவர் கமக்கட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார். சேவலோட சண்டை பிடிக்கிறது வேற, ஆளுக்கு அடிக்கிறது வேற. சாதியை வளர்த்தெடுத்தவையள் ஆக்களுக்கு அடிச்சதைக் கழிச்சுக் கழிச்சு வந்ததாலதான் அப்பிடி நிக்குது.

மல்லாவி: காட்டுச்சேவல் கலந்ததாலதான் எங்கட சேவலுகளுக்கு இந்த வெறி எண்டு சொல்லீனம்.

காட்டுக்கோழி ஊர்ப்பேட்டோட சேருறது உண்டு. ஆனா அது ஆள் அரவம் கேட்டவுடன ஓடி மறையிற சாதி. அதில இருந்து ஆளுக்கு அடிக்கிற குணம் வந்தது எண்டா எனக்குப் பொருந்தேல்லை.

ஒட்டுசுட்டான்: அப்ப என்ர சேவலை வெட்டச் சொல்லுறீரோ?

இல்லை ஐயா. உங்கட வளவில சின்னப்பிள்ளையள் இல்லையெண்டா வையுங்கோ, அது உங்கட விருப்பம். ரெண்டு விசயம் மட்டும் கேக்கிறன். அதோட சேர்ந்த பேடுகளின்ர முட்டையை அடை வைக்காதேங்கோ, குணம் குஞ்சுகளுக்கும் இறங்கும். ஒருத்தருக்கு விக்கிறதெண்டா இது ஆளுக்கு அடிக்கும் எண்டு சொல்லி வில்லுங்கோ. என்னட்ட குஞ்சு வாங்க வாறவையில கனபேர் தனிய நிண்டு பிள்ளை வளர்க்கிற பொம்பிளையள். வாங்கிக்கொண்டு போன சேவல் அந்தப் பிள்ளையின்ர முகத்தில பாய்ஞ்சா அவவுக்கு ஆர் பதில் சொல்லுறது? எனக்கு இந்த விசயத்தில விட்டுக்குடுக்க ஏலாது.

வவுனியா: தீனில மிளகாய்த்தூள் கலந்தா சேவலுக்கு மூர்க்கம் வருமாமே?

பறவையளுக்கு மிளகாய் உறைக்காது. ஒரு சம்பந்தமும் இல்லை.

கிளிநொச்சி: கோயிலுக்கு நேர்ந்து விட்ட சேவல் அக்கா, வெட்டேலாது. பள்ளிக்கூடம் போற பிள்ளையளைக் கலைக்குது.

நேர்த்தி விசயத்தை வீட்டுப் பெரியாக்களோடயும் கோயில்காரரோடயும் கதையுங்கோ, அதில நான் தலையிடேலாது. அதுவரைக்கும் அது ஒழுங்கையில திரியக்கூடாது. ஆள் உள்ள நிண்டு கூட்டக்கூடிய உயரத்தில வலைக்கூடு, ஒரு பக்கம் கிடுகு நிழல், ரெண்டு பேடு துணைக்கு. பள்ளிக்கூடம் விடுற நேரம் ஒருத்தரும் அதைத் திறக்கவேண்டாம்.

தர்மபுரம்: சேவல் தலையைத் தொங்கப்போட்டுப் பச்சையாக் கழியுது.

மற்றக் கோழியளில இருந்து பிரிச்சுப்போட்டு உடன கால்நடை வைத்தியரிட்டப் போங்கோ. இதை எழுதிக்கொண்டிருக்கிற நேரமும் வீண்.

பூநகரி: சேவல் கலைக்குது, என்ன செய்யலாம்?

மேல முதல் பதிலை முழுக்க வாசியுங்கோ. திரும்பத் திரும்ப இதையே கேட்டா மற்றாக்களுக்கு எழுத நேரம் போதாது. சின்னப்பிள்ளை இருந்தா வாசிக்க முதல் சேவலை அடையுங்கோ.

முழங்காவில்: அன்ரி, நான் பத்தாம் ஆண்டு படிக்கிறன். காலமை முட்டை எடுக்கிறது நான்தான். சேவல் கூட்டுக் கதவடியில நிக்கும். அம்மா வேலைக்குப் போனாப் பிறகு பயமாயிருக்கு.

பிள்ளை, பயப்பிடுறது பிழையில்லை. அது நிக்கேக்க உள்ள போகாதேங்கோ. முதல் கூட்டைத் திறந்துவிட்டு, தீனைக் கூட்டுக்கு எதிர்ப்பக்கம் தூர எறியுங்கோ. எல்லாம் அங்க போனாப் பிறகு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுங்கோ. திரும்பி வரேக்க முதுகு காட்டி ஓடவேண்டாம், தும்புத்தடியை முன்னால தாழ்த்திப் பிடிச்சுக்கொண்டு நடவுங்கோ. அம்மாவிட்ட இதைக் காட்டி, முட்டைப் பெட்டியை வெளியில நிண்டு திறக்கிற மாதிரி பின்பக்கச் சுவரில ஒரு சின்னக் கதவு போட்டுத் தரச் சொல்லுங்கோ. ஒரு பலகையும் ரெண்டு பிணைச்சலும் ஒரு கொளுக்கியும் காணும்.